மார்ச் 12: அது கைதவறிப் போட்ட வாக்கல்ல

அல்ஜீரிய விடுதலைப் போர் பற்றி இடதுசாரி மேடைகளில் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே பதில் ஒப்பிக்கப்படுகிறது. பிரான்சின் பெரிய கட்சிகளில் அந்தப் போரை எதிர்த்தது கம்யூனிஸ்ட் கட்சி ஒன்றுதான். அதன் நாளேடான ல்யுமானிதே இருபதுக்கும் மேற்பட்ட தடவை பறிமுதல் செய்யப்பட்டது. அதன் தோழர்கள் சித்திரவதைக் கூடத்திலும் கில்லட்டின் மேடையிலும் பாரிஸ் மெட்ரோ படிக்கட்டிலும் உயிர்விட்டார்கள். 1956-இல் நாடாளுமன்றத்தில் ஒரு வாக்கு பிசகியது உண்மைதான்; அது தந்திரோபாயச் சறுக்கல். அதற்காக ஏழரை ஆண்டுப் போராட்டத்தைப் பழிப்பதா?

இதில் சொல்லப்படும் தனித்தனிச் செய்திகள் பெரும்பாலும் உண்மை. அவற்றை அடுக்கிவைத்துக் கடைசியில் எடுக்கும் முடிவுதான் பொய். அந்த வாக்கு சறுக்கல் இல்லை. இருபது ஆண்டுகளாகக் கட்சித் தலைமை அல்ஜீரியாவைப் பார்த்த பார்வையின் நேர் விளைவு. உயிர்விட்ட தோழர்களில் பலர் தலைமை சொன்னதால் அந்த இடத்துக்குப் போனவர்கள் அல்லர். தலைமை சொல்லாததைச் செய்யப் போனவர்கள். அவர்களுடைய உயிரை எடுத்துத் தலைமையின் கணக்கில் வரவு வைப்பது அநியாயம். அதை மறுக்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த நாளைப் பார்ப்போம். 1956 ஜனவரி 2 அன்று பிரான்சில் பொதுத்தேர்தல். கம்யூனிஸ்ட் கட்சி நான்கில் ஒரு பங்குக்கு மேல் வாக்குகளையும் 150 இடங்களையும் பெற்று அவையின் மிகப் பெரிய கட்சியானது. ஆட்சி அமைத்தவர் சோஷலிஸ்ட் தலைவர் கி மொலே. அல்ஜீரியாவில் நடப்பது முடிவில்லாத மடத்தனமான போர் என்று சொல்லி, அமைதி தருவேன் என்று வாக்குக் கேட்டவர் அவர். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் அவருடைய அரசுக்கு ஆதரவளித்தார்கள். பிப்ரவரி 6 அன்று மொலே அல்ஜியர்ஸ் போனபோது அங்கே குடியேறியிருந்த ஐரோப்பியர்கள் அவர்மீது தக்காளியும் மண்ணாங்கட்டியும் வீசினார்கள். அன்றே அவர் பணிந்துவிட்டார். அல்ஜீரியாவுக்கு அவர் தேர்ந்தெடுத்திருந்த தளபதி கத்ரூ பதவியை விட்டு விலகினார். அவருடைய இடத்துக்கு ரொபேர் லாகோஸ்த் வந்தார். ஐந்து வாரம் கழித்து, மார்ச் 12 அன்று, சிறப்பு அதிகாரச் சட்டம் அவைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின் தலைப்பு நீளமானது. அல்ஜீரியாவில் பொருளாதார விரிவாக்கம், சமூக முன்னேற்றம், நிர்வாகச் சீர்திருத்தம் ஆகியவற்றுக்கான திட்டம் என்று தொடங்கி, ஒழுங்கை நிலைநாட்டவும் மக்களையும் சொத்தையும் காக்கவும் நிலப்பரப்பைப் பேணவும் எல்லா விதிவிலக்கு நடவடிக்கைகளையும் எடுக்கும் அதிகாரம் என்று முடிகிறது. கட்சிக்காக வாதாடுகிறவர்கள் முதல் பாதியைத்தான் காட்டுவார்கள். கட்சி சீர்திருத்தத்துக்கு வாக்களித்தது, சோஷலிஸ்டுகளை அமைதியின் பக்கம் இழுக்க வாக்களித்தது என்பார்கள். ஆனால் முன்னேற்றத் திட்டத்தை நிறைவேற்றவா இராணுவ நீதிமன்றத்துக்கு அதிகாரத்தை விரித்துத் தந்தார்கள்? விசாரணையில்லாமல் ஆட்களை அடைத்துவைக்கவும் வீடுகளை இரவுபகலாகச் சோதிக்கவும் ஆணைகள் சட்டம் வெளியான மறுநாளே வந்தன. என்ன கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்பது அவையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆதரவு 455, எதிர்ப்பு 76. கம்யூனிஸ்ட் குழு ஆதரவுப் பக்கம் நின்றது.

கட்சியின் பெயரால் விளக்கம் தந்தவர் ஜாக் துக்லோ. அன்றும் அதற்குப் பிறகும் கட்சி சொன்ன காரணத்தின் சாரம் இதுதான்: சோஷலிஸ்டுகளுடன் ஐக்கியம் என்பது முழுமை, அல்ஜீரியா அதன் ஒரு பகுதி, பகுதிக்காக முழுமையைக் கெடுத்துக்கொள்ள முடியாது. நாம் ஆதரிக்காவிட்டால் மொலே வலதுசாரிகளின் கையில் போய்விடுவார் என்பது அதனோடு ஒட்டிய வாதம்.

இந்த வாதத்தைக் கணக்கு போட்டே முறிக்கலாம். 455-இலிருந்து கட்சியின் 150 வாக்கையும் கழித்துவிடுங்கள், 305 மிஞ்சும். அந்த 150-ஐயும் எதிர்ப்பில் சேர்த்தாலும் 226-தான் வரும். கட்சி எதிர்த்திருந்தாலும் சட்டம் நிறைவேறியிருக்கும். வலதுசாரிகளில் பெரும்பகுதியினர் ஏற்கெனவே மொலேவின் பக்கம் வந்துவிட்டார்கள் என்பதைத்தான் அந்த 305 காட்டுகிறது. யாரிடம் போய்விடக் கூடாது என்று சொல்லி ஆதரித்தார்களோ, அவர்களோடு சேர்ந்தே வாக்களித்தார்கள். அரசைக் காப்பாற்ற அந்த வாக்கு தேவைப்படவில்லை. அல்ஜீரியர்களுக்கு அது ஒரு செய்தியாக மட்டுமே பயன்பட்டது: பிரான்சில் உங்களுக்காகப் பேச யாரும் இல்லை என்ற செய்தி.

விளைவு தெரிய நாளாகவில்லை. ஏப்ரலில் படையிலிருந்து விடுபட்டு வேலைக்குத் திரும்பியிருந்த இளைஞர்களை மறுபடி அழைக்கும் ஆணை வந்தது. ஆண்டின் தொடக்கத்தில் சுமார் இரண்டு லட்சமாக இருந்த படை அதே ஆண்டில் ஏறக்குறைய நான்கு லட்சமாயிற்று. ஜூனில் மொலே நம்பிக்கை வாக்கு கேட்டபோது, இவ்வளவும் நடந்த பிறகும், கட்சி எதிர்த்து வாக்களிக்கவில்லை, நடுநிலை வகித்தது. அதே ஜூன் 19 அன்று அல்ஜியர்ஸின் பர்பரூஸ் சிறையில் அகமது சபானா, அப்துல்காதர் ஃபெராஜ் ஆகிய இரண்டு போராளிகளின் தலைகள் கில்லட்டினில் விழுந்தன. அடுத்த ஜனவரியில் அல்ஜியர்ஸ் நகரின் காவல் அதிகாரம் முழுவதும் தளபதி மசூவின் பாராசூட் படைக்குக் கைமாறியது. மின்சாரக் கம்பி, தண்ணீர்த் தொட்டி, இரவில் கூட்டிப்போய்த் திரும்பி வராத ஆட்கள் என்று உலகம் அறிந்த அல்ஜியர்ஸ் சண்டை அந்த அதிகாரத்தின்மேல்தான் நடந்தது.

1957 ஜூன் 11 அன்று பாராசூட் வீரர்கள் ஒரு வீட்டுக்கு வந்து 25 வயதுக் கணித ஆசிரியர் ஒருவரைப் பிடித்துப்போனார்கள். மோரிஸ் ஓதேன். அல்ஜீரியக் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர், மூன்று குழந்தைகளின் தந்தை. தப்பி ஓடிவிட்டார் என்று இராணுவம் சொன்னது. அவர் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. அவரைக் கொன்றது அரசு உருவாக்கிய அமைப்புதான் என்று பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ஒப்புக்கொள்ள 2018 செப்டம்பர் வரை ஆயிற்று. அந்த அமைப்பின் சட்ட வேர் எங்கே இருக்கிறது என்று அன்றைய அறிக்கையே சொன்னது: 1956 மார்ச்சில் நாடாளுமன்றம் வாக்களித்துத் தந்த சிறப்பு அதிகாரம். ஓதேனைப் பிடித்ததற்கு அடுத்த நாள் அவருடைய வீட்டிலேயே பிடிபட்டவர் அல்ஜே ரெபுப்ளிக்கேன் நாளேட்டின் ஆசிரியர் ஆன்ரி அலெக். சித்திரவதையைத் தாங்கி, சிறையிலிருந்து எழுதி அனுப்பிய அவருடைய நூல் 1958-இல் வெளிவந்து சில வாரங்களிலேயே பறிமுதலானது. இந்த இருவரையும் சித்திரவதைக் கூடத்துக்குக் கொண்டுபோன அதிகாரத்துக்குப் பிரெஞ்சுத் தோழர்கள் கை உயர்த்தியிருந்தார்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. மறைக்க விரும்பவில்லை.

சரி, அது ஒரு நாள் தவறு என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதற்கு முந்தைய நாட்களில் வேறு மாதிரி நின்றிருக்க வேண்டும். நின்றார்களா?

அல்ஜீரிய விடுதலை என்ற கோரிக்கையை முதலில் அமைப்பாக்கிய வட ஆப்பிரிக்க நட்சத்திரம் 1926-இல் பாரிஸில் கம்யூனிஸ்ட் கட்சியின் அரவணைப்பில்தான் பிறந்தது. அதன் தலைவர் மெசாலி ஹாஜ். 1937 ஜனவரியில் அதைக் கலைத்தது வலதுசாரி அரசன்று. மக்கள் முன்னணி அரசு. கம்யூனிஸ்டுகள் அந்த அரசை ஆதரித்துக்கொண்டிருந்தார்கள். கலைப்பை எதிர்க்கவில்லை. ஃபாசிசத்தை எதிர்க்கும் நேரத்தில் பிரிவினை பேசுவது ஃபாசிசத்துக்கு உதவி என்பது அன்றைய நியாயம். அதே ஆண்டு டிசம்பரில் கட்சியின் ஆர்ல் மாநாட்டில் பொதுச் செயலாளர் மோரிஸ் தொரேஸ் லெனினின் உவமையை எடுத்து வளைத்தார்: மணவிலக்கு உரிமை இருப்பதால் மணவிலக்குப் பெற்றே ஆக வேண்டும் என்பதில்லை. 1939 பிப்ரவரி 11 அன்று அல்ஜியர்ஸில் அவர் பேசிய பேச்சு கட்சியின் அதிகாரபூர்வக் கோட்பாடாகவே ஆயிற்று. அல்ஜீரியா உருவாகிக்கொண்டிருக்கும் நாடு. அரபியர், பெர்பர், யூதர், பிரெஞ்சுக்காரர், இத்தாலியர், ஸ்பானியர், மால்டாக்காரர் என இருபது இனங்கள் கலந்து அது உருவாகும். பிரெஞ்சுக் குடியரசு அதற்குத் துணை செய்யலாம். கேட்க நல்ல பேச்சுதான். ஆனால் உருவாகிக்கொண்டிருக்கும் நாட்டுக்கு விடுதலை கேட்கும் தகுதி இன்னும் வரவில்லை என்பது அதன் உட்பொருள். நிலம் பறிகொடுத்த ஒன்பது பேரும் நிலம் பெற்ற ஒருவரும் சமமான கலவைப் பொருள்கள் என்று பேசியது அந்தக் கோட்பாடு.

அதன் பலன் 1945 மே 8 அன்று வெளிப்பட்டது. ஐரோப்பாவில் வெற்றி விழா. செத்திஃப் நகரில் அல்ஜீரியர்கள் ஊர்வலம் போனார்கள். அவர்களுடைய கொடியைக் கண்டு போலீஸ் சுட்டது. கிளர்ச்சி வெடித்து நூறு ஐரோப்பியர் அளவில் கொல்லப்பட்டார்கள். பழிவாங்கலில் செத்திஃப், கெல்மா பகுதிகளில் மாண்ட அல்ஜீரியர்களின் எண்ணிக்கை அரசு ஒப்புக்கொண்ட ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து அல்ஜீரியா சொல்லும் 45,000 வரை நீள்கிறது. பல ஆயிரம் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்கு ஐயமில்லை. கிராமங்கள்மீது விமானங்கள் குண்டு போட்டன. பாரிஸில் தெ கோலின் அரசில் கம்யூனிஸ்ட் அமைச்சர்கள் இருந்தார்கள். விமானத்துறை அமைச்சர் ஷார்ல் தியோனே கம்யூனிஸ்ட். குண்டுபோட ஆணையிட்டது அவர்தான் என்று நான் சொல்லவில்லை. அதற்காக ஒருவரும் பதவி விலகவில்லை என்பதைச் சொல்கிறேன். கட்சி ஏடு கிளர்ச்சிக்காரர்களை ஹிட்லரின் கையாட்கள் என்று எழுதி, அவர்களைத் தண்டிக்கக் கோரியது. அடுத்த ஆண்டு பொதுமன்னிப்புக்குக் கட்சி குரல் கொடுத்தது உண்மை. ஆனால் செத்திஃப் பகுதியில் தப்பிப் பிழைத்தவர்களின் பிள்ளைகள்தான் ஒன்பதாண்டு கழித்துத் துப்பாக்கி எடுத்தார்கள். ஹிட்லரின் கையாள் என்ற பட்டத்தை அவர்கள் மறந்திருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

1954 நவம்பர் 1 அன்று தேசிய விடுதலை முன்னணி அல்ஜீரியா முழுவதும் தாக்குதல் தொடுத்தது. தமிழ் வாசகருக்கு அந்த நாளை வேறொரு காரணத்தால் தெரியும்: பிரான்ஸ் புதுச்சேரியையும் காரைக்காலையும் மாகியையும் ஏனாமையும் நடைமுறையில் இந்தியாவிடம் ஒப்படைத்தது அன்றுதான். ஒரே நாளில் ஒரே அரசு ஓரிடத்தில் கொடியை இறக்கியது, இன்னோரிடத்தில் படையை ஏற்றியது. அல்ஜீரியா காலனியே இல்லை, பிரான்சின் மாவட்டங்கள் என்பது சட்டநிலை. அன்றைய உள்துறை அமைச்சர் மித்தெரான் அல்ஜீரியா பிரான்ஸ்தான் என்று அறிவித்தார். கம்யூனிஸ்ட் கட்சி என்ன சொன்னது? நவம்பர் 8 அறிக்கையில் அடக்குமுறையைக் கண்டித்தது. கூடவே, படுமோசமான காலனியவாதிகளின் கைக்கு வசதியாகப் போகக்கூடிய, ஒருவேளை அவர்களே தூண்டிவிட்டிருக்கக்கூடிய, தனிநபர் செயல்களை ஆதரிக்க முடியாது என்றும் சொன்னது. ஒரு மக்களின் எழுச்சி, ஒரு வாரம் ஆன பிறகும், கட்சியின் கண்ணுக்குப் போலீஸ் சதியாகத் தெரிந்திருக்கிறது. இதற்குப் பதினாறு மாதம் கழித்து வந்த வாக்கில் வியப்பு எதற்கு?

இந்த இடத்தில் எதிர்வாதி தன் வலுவான வாதத்தை எடுப்பார். பிரெஞ்சுத் தொழிலாளி தயாராக இல்லை. ஐந்து மில்லியன் வாக்காளர்களைக் கொண்ட கட்சி, அவர்களில் பெரும்பாலோர் அல்ஜீரியாவைப் பிரான்ஸாகவே நினைக்கும்போது, அவர்களை விட்டு வெகுதூரம் முன்னே போக முடியாது. மேம்போக்காகப் பார்த்தால் இது பொறுப்பான பேச்சு. ஆனால் இதே கட்சி வேறு இரண்டு முறை முன்னே போயிருக்கிறது.

1925-இல் மொராக்கோவின் ரிஃப் மலைகளில் அப்துல் கரீம் பிரெஞ்சுப் படையையும் ஸ்பானியப் படையையும் எதிர்த்துப் போர் நடத்திக்கொண்டிருந்தார். கட்சிக்கு அப்போது வயது ஐந்து. நாடாளுமன்றத்தில் இருந்தவர்கள் இருபத்தாறு பேர். அவர்களில் ஒருவரான ஜாக் தொரியோ ஏற்கெனவே அப்துல் கரீமை வாழ்த்தித் தந்தி அனுப்பியிருந்தார். படையினர் எதிரிகளோடு கைகுலுக்க வேண்டும், மொராக்கோவை விட்டு வெளியேற வேண்டும் என்று கட்சி பகிரங்கமாகக் கூறியது. அக்டோபர் 12 அன்று போருக்கு எதிராகப் பொது வேலைநிறுத்தத்துக்கு அழைத்தது. நூற்றுக்கணக்கானோர் சிறைப்பட்டார்கள். அந்தப் போராட்டக் குழுவின் தலைவர் யார் தெரியுமா? இருபத்தைந்து வயது மோரிஸ் தொரேஸ். தாய்நாட்டின் ஏகாதிபத்தியத்தை எதிர்க்கும் எந்த விடுதலை இயக்கத்தையும் சொல்லால் மட்டுமல்ல, செயலாலும் ஆதரிக்க வேண்டும் என்பது மூன்றாம் அகிலம் விதித்த எட்டாவது நிபந்தனை. அந்த நிபந்தனையை ஏற்றுத்தான் கட்சி பிறந்தது. 1925-இன் தொழிலாளி 1956-இன் தொழிலாளியைவிட அதிகம் தயாராக இருந்தாரா?

இரண்டாவது வியட்நாம். அங்கேயும் தொடக்கம் கோணல்தான். 1947 மார்ச்சில் போர்ச் செலவுக்கான வாக்கெடுப்பில் கட்சியின் அமைச்சர்கள் ஆதரித்தார்கள், உறுப்பினர்கள் வாக்களிக்காமல் இருந்தார்கள். ஆட்சியிலிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு நிலை மாறியது. 1950 பிப்ரவரியில் ரேமோந்த் தியென் என்ற இளம்பெண் போர்த் தளவாட ரயிலுக்கு முன்னால் தண்டவாளத்தில் படுத்தார். கட்சி அவரை நாடறியச் செய்தது. துறைமுகத் தொழிலாளர்கள் ஆயுதம் ஏற்ற மறுத்தார்கள். போருக்கு எதிராகத் துண்டறிக்கை விட்ட மாலுமி ஆன்ரி மார்த்தேனுக்கு ஐந்தாண்டுச் சிறை கிடைத்தபோது, சுவர் சுவராக அவர் பெயரை எழுதினார்கள். பிக்காசோ படம் வரைந்தார், சார்த்தர் நூல் கொண்டுவந்தார். 1953-இல் தண்டனைக்காலம் முடியுமுன் அவர் வெளியே வந்தார். மக்கள் மனத்தை மாற்றும் வேலையை எப்படிச் செய்வது என்று இந்தக் கட்சிக்குத் தெரியாமல் இல்லை. பிரான்சில் அதைப்போலத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை.

இப்போது அல்பான் லிஷ்தியைப் பாருங்கள். இளம் கம்யூனிஸ்ட், கட்டாயப் படைச்சேவையில் இருந்தவர். 1956 ஜூலை 2 அன்று குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதினார்: விடுதலைக்காகப் போராடும் அல்ஜீரிய மக்களுக்கு எதிராக ஆயுதம் எடுக்க மாட்டேன். மொத்தத்தில் நான்கு ஆண்டுகள் சிறையிலும் தண்டனைப் படைப்பிரிவிலும் கழித்தார். மார்த்தேனுக்கு எழுதிய சுவர்கள் லிஷ்திக்கு எழுதவில்லை. தொடக்கத்தில் கட்சி அவரோடு நிற்கவே தயங்கியது. பின்னால் ஏறக்குறைய நாற்பது இளம் கம்யூனிஸ்ட் படைவீரர்கள் அவர் வழியில் மறுத்தபோது ஓரளவு இயக்கம் நடந்தது. அதையும் சீக்கிரமே நிறுத்திக்கொண்டார்கள். கம்யூனிஸ்ட் எந்தப் போருக்கும் போய் உள்ளிருந்தே வேலை செய்ய வேண்டும் என்று லெனினை மேற்கோள் காட்டினார்கள். 1956 வசந்தத்தில் மறுபடி அழைக்கப்பட்ட இளைஞர்கள் ரயில்களை நிறுத்தினார்கள், அபாயச் சங்கிலியை இழுத்தார்கள். கிரெனோபிளில் மக்கள் தண்டவாளத்தில் இறங்கினார்கள். பல ஊர்களில் அதில் முன்னின்றவர்கள் உள்ளூர்க் கம்யூனிஸ்டுகள். தலைமை அவற்றை ஒன்றுசேர்த்து நாடு தழுவிய இயக்கமாக்கவில்லை. மக்கள் தயாராக இல்லை என்று எழுதுகிறவர்கள் அந்த ரயில்களைப் பற்றி ஒரு பத்தியாவது எழுத வேண்டும்.

வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதற்கு என் விடை எளிமையானது. வியட்நாமில் புரட்சியை நடத்தியவர்கள் கம்யூனிஸ்டுகள். அல்ஜீரியாவில் நடத்தியவர்கள் கட்சியின் கைக்கு வெளியே இருந்தவர்கள், கட்சியிடம் அனுமதி கேட்காதவர்கள். அல்ஜீரிய விடுதலை பிரெஞ்சுத் தொழிலாளி வர்க்கத்தின் வெற்றியைத் தொடர்ந்து வரும் என்பது கட்சியின் ஆழ்ந்த நம்பிக்கை. அதற்கு முன்னால் வரும் விடுதலை அமெரிக்காவின் கைக்கே போகும் என்பது அச்சம். மாஸ்கோவின் கணக்கும் சேர்ந்துகொண்டது. அமெரிக்காவிடமிருந்து பிரான்சைக் கொஞ்சம் விலக்கிவைப்பதில் சோவியத்துக்கு அக்கறை. கெய்ரோவில் 1958 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட அல்ஜீரியத் தற்காலிக அரசைச் சீனா சில நாட்களில் அங்கீகரித்தது. சோவியத் முறைப்படி அங்கீகரித்தது 1962 மார்ச்சில், எல்லாம் முடிந்த பிறகு.

விடுதலை முன்னணியின் செயல்களைப் பற்றிய வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. 1955 ஆகஸ்டில் ஃபிலிப்வில் பகுதியில் ஐரோப்பியக் குடிமக்களைக் கொன்றார்கள். 1957-இல் மெலூசாவில் எதிரணியின் ஆதரவாளர்கள் என்று சொல்லி ஓர் ஊரின் ஆண்களையே கொன்றார்கள். பிரான்ஸ் மண்ணில் மெசாலியின் ஆட்களும் முன்னணியின் ஆட்களும் ஒருவரையொருவர் வேட்டையாடினார்கள். இவற்றைக் கண்டிப்பது எந்த நேர்மையான இடதுசாரிக்கும் கடமை. ஆனால் கட்சியின் தயக்கத்துக்கு இவை காரணமல்ல. நவம்பர் 8 அறிக்கை இவை எல்லாவற்றுக்கும் முந்தியது. 1937-ம் 1945-ம் அதற்கும் முந்தியவை. சிறப்பு அதிகாரத்துக்கு வாக்களித்தபோது கொலைகளுக்கு எதிராகவா வாக்களித்தார்கள்? கொல்லும் அதிகாரத்தைப் பெரிய படையிடம் கொடுத்தார்கள்.

இனி, இரத்தத்தின் பெயரால் சொல்லப்படும் வாதம். இதுதான் என்னை அதிகம் உறுத்துவது.

ஃபெர்னான் இவ்தோன் அல்ஜியர்ஸில் பிறந்து வளர்ந்த ஐரோப்பியத் தொழிலாளி. ஹம்மா எரிவாயு ஆலையில் கடைசல்காரர். அல்ஜீரியக் கம்யூனிஸ்ட் கட்சி பிரெஞ்சுக் கட்சியின் தயக்கத்தைத் தாண்டி 1955-இலேயே ஆயுதப் போராட்டத்தில் சேர முடிவெடுத்திருந்தது. மறு ஆண்டில் அதன் போராளிகள் விடுதலைப் படையில் இணைந்தார்கள். 1956 நவம்பர் 14 அன்று இவ்தோன் தன் ஆலையில், யாரும் புழங்காத ஓர் அறையில், வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு வெடிக்கும்படி நேரம் குறித்த குண்டை வைத்தார். அது வெடிக்குமுன் கண்டெடுக்கப்பட்டது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. போலீஸ் அவரைச் சித்திரவதை செய்தது. பத்து நாட்களில் இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அந்த நீதிமன்றத்துக்கு அவ்வளவு வேகமாக நடக்கும் அதிகாரம் எங்கிருந்து வந்ததென்று மறுபடி சொல்ல வேண்டியதில்லை. நீதித்துறை அமைச்சர் மித்தெரான். கருணை மனுவைக் குடியரசுத் தலைவர் கொத்தி நிராகரித்தார். 1957 பிப்ரவரி 11 விடியற்காலை, பர்பரூஸ் சிறையில், இரண்டு அல்ஜீரியப் போராளிகளோடு அவர் தலை வெட்டப்பட்டது. முப்பது வயது. அந்தப் போரில் கில்லட்டினுக்குப் போன ஒரே ஐரோப்பியர் அவர். அவர் உயிரோடிருந்த மூன்று மாதத்தில் ஆன்ரி மார்த்தேனுக்கு நடத்தியது போன்ற ஓர் இயக்கம் அவருக்காக நடக்கவில்லை.

அதற்கு முன்பு ஆன்ரி மாய்யோ. அதே அல்ஜியர்ஸ், அதே கட்சி. பயிற்சி அதிகாரியாக இருந்தவர் 1956 ஏப்ரலில் ஆயுதம் நிறைந்த லாரியோடு படையை விட்டு வெளியேறி அவற்றைப் போராளிகளிடம் சேர்த்தார். ஜூன் 5 அன்று கொல்லப்பட்டார். பாரிஸில் கட்சி மொலே மீதான நம்பிக்கை வாக்கில் நடுநிலை வகித்த அதே நாட்கள் அவை.

இந்த இருவரையும் பிரெஞ்சுக் கட்சியின் தியாகப் பட்டியலில் சேர்ப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அவர்கள் செய்த செயலைச் செய்யும்படி உங்கள் கட்சி எந்த நாளில், எந்தத் தீர்மானத்தில் சொன்னது? அல்ஜீரியப் போராளிகளுக்குப் பணம் சுமந்த, மறைவிடம் தந்த பிரெஞ்சு உறுப்பினர்களைக் கட்சி விலக்கிவைத்தது. 1960 செப்டம்பரில் அதே உதவிகளைச் செய்த ஃபிரான்சிஸ் ழான்சோன் அமைப்பின்மீது வழக்கு நடந்தபோது, 121 எழுத்தாளர்களும் கலைஞர்களும் போருக்குப் போக மறுக்கும் உரிமையை ஆதரித்து அறிக்கை விட்டார்கள். அந்த வழி தவறு என்றுதான் கட்சி சொன்னது. அதற்கு முன்னால், 1959 செப்டம்பரில், தெ கோல் அல்ஜீரியர்களின் சுயநிர்ணய உரிமையைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டபோது, அதைச் சூழ்ச்சி என்று ஒதுக்கிவிட்டு, சில வாரம் கழித்துத் திருத்திக்கொண்டார்கள். 1961 ஜனவரியில் சுயநிர்ணயம் பற்றிய பொதுவாக்கெடுப்பு வந்தபோது, தெ கோலுக்கு எதிர்ப்பு என்ற பெயரில், வேண்டாம் என்று வாக்களிக்கச் சொன்னார்கள். அமைதி என்ற சொல்லைக் கட்சி ஏழாண்டும் விடாமல் சொன்னது, மறுக்கவில்லை. 1957-இல் சிறப்பு அதிகாரத்தைப் புதுப்பிக்க வந்தபோது எதிர்த்தும் வாக்களித்தது. ஆனால் விடுதலை என்ற சொல் அதன் வாயில் எப்போதும் தாமதமாகவே வந்தது.

ஷரோனுக்கு வருவோம். 1962 பிப்ரவரி 8 அன்று, அல்ஜீரிய விடுதலையை எதிர்த்த இரகசியப் படை அமைப்பின் குண்டுகளுக்கு எதிராகப் பாரிஸில் தடையை மீறி ஊர்வலம். முந்தைய நாள் அந்த அமைப்பு வைத்த குண்டில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி ஒரு கண்ணின் பார்வையை இழந்திருந்தாள். காவல்துறைத் தலைவர் மோரிஸ் பாப்போனின் ஆட்கள் ஷரோன் மெட்ரோ நிலையத்தின் வாயிலில் கூட்டத்தை அடித்து நசுக்கினார்கள். ஒன்பது பேர் இறந்தார்கள், எல்லோரும் சி.ஜி.டி. தொழிற்சங்கத்தினர், எட்டுப் பேர் கம்யூனிஸ்டுகள். பிப்ரவரி 13 அன்று அவர்களுடைய இறுதி ஊர்வலத்தில் பல லட்சம் பேர் நடந்தார்கள். அந்த ஒன்பது பேருக்கு நான் தலைவணங்குகிறேன்.

ஆனால் அதற்கு நான்கு மாதம் முன்பு, 1961 அக்டோபர் 17 அன்று, இதே பாப்போன், இதே பாரிஸ். அல்ஜீரியர்களுக்கு மட்டும் இரவில் வெளியே வரத் தடை விதித்ததை எதிர்த்து, விடுதலை முன்னணியின் அழைப்பில், குடும்பம் குடும்பமாக, நல்ல உடை உடுத்தி, ஆயுதமில்லாமல் அவர்கள் தெருவுக்கு வந்தார்கள். போலீஸ் சுட்டது, தடியால் அடித்தது, செய்ன் ஆற்றில் தூக்கிப்போட்டது. ஒரே இரவில் பதினோராயிரம் பேர் பிடிபட்டார்கள். இறந்தவர்கள் மூன்று பேர் என்றது அரசு. வரலாற்றாசிரியர்கள் பல பத்து முதல் இருநூறுக்கு மேல் வரை சொல்கிறார்கள். ல்யுமானிதே செய்தி போட்டது, கண்டித்தது. கட்சியின் உறுப்பினர்கள் மன்றங்களில் கேள்வி எழுப்பினார்கள். பிப்ரவரியில் பல லட்சம் பேரைத் தெருவில் இறக்க முடிந்த கட்சி, அக்டோபரில் பாரிஸ் தொழிலாளிகளைத் தெருவுக்கு அழைக்கவில்லை. சாவு தன் உறுப்பினர்மேல் விழுந்தபோது இருந்த வலிமை, பக்கத்துத் தொழிற்சாலையில் ஒன்றாக வேலை செய்த அல்ஜீரியத் தொழிலாளிமேல் விழுந்தபோது எங்கே போயிற்று? தொழிலாளர் தயாராக இல்லை என்ற பதில் இங்கே செல்லாது. இரண்டுக்கும் இடையே நான்கு மாதம்தான்.

மற்றவர்கள் இன்னும் மோசம் என்பார்கள். ஆம். போரை நடத்தியது மொலேவின் சோஷலிஸ்ட் கட்சி. அதற்கு அந்தக் கட்சி தரவேண்டிய கணக்கு தனி. தன்னை எட்டாவது நிபந்தனையின் வாரிசு என்று சொல்லிக்கொண்ட கட்சியை மொலேவின் அளவுகோலால் அளப்பது அதற்கே அவமானம்.

கடைசியாக, இன்றிருந்து பார்த்துச் சொல்வது சுலபம், அன்றைய இருளில் யாருக்குத் தெரியும் என்பார்கள். அன்றே தெரிந்தவர்கள் இருந்தார்கள். கட்சிக்கு உள்ளேயே இருந்தார்கள். மார்த்தினிக்கின் நாடாளுமன்ற உறுப்பினர், கவிஞர் எமே செசேர் 1956 அக்டோபர் 24 அன்று தொரேஸுக்குக் கடிதம் எழுதிக் கட்சியிலிருந்து விலகினார். ஸ்டாலினைப் பற்றிக் குருஷேவ் வெளியிட்டவை ஒரு காரணம். இன்னொன்றை அவர் பெயர் சொல்லியே எழுதினார்: மொலேவுக்கும் லாகோஸ்துக்கும் வட ஆப்பிரிக்காவில் முழு அதிகாரம் கொடுத்து வாக்களித்தீர்கள். காலனி மக்களின் போராட்டத்தைத் தன் போராட்டத்தின் ஒரு துண்டாக நினைக்கும் மூத்த அண்ணனாகக் கட்சி நடந்துகொள்கிறது, வழிதவறினாலும் எங்களுக்கு அந்த அண்ணனின் கை வேண்டாம் என்பது அவர் வாதத்தின் உயிர். ஒரு மாதம் கழித்து இவ்தோனுக்குத் தீர்ப்பு வந்தது. லிஷ்தி ஏற்கெனவே சிறையில் இருந்தார். மாய்யோ புதைக்கப்பட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. இவர்களில் ஒருவருக்கும் முப்பது ஆண்டு கழித்து வரும் ஆவணக்காப்பகம் தேவைப்படவில்லை. அந்த வாக்கு நடந்த அதே ஆண்டில், கட்சிக்கு உள்ளிருந்தே, ஒருவர் கடிதத்தாலும் ஒருவர் மறுப்பாலும் ஒருவர் லாரியோடும் பதில் சொல்லிவிட்டார்கள்.